வாசித்ததை எழுதிவைக்க ஒரு நோட்டு: முதல் வருடத்துக்கான வழிகாட்டி

என் 2015-ஆம் வருட நோட்டில் 38-ஆவது வரி இப்படி முடிகிறது: "டிசம்பர் 2 ஆரம்பம், 5 முடிவு. மாடிப்படியில், பகல் வெளிச்சத்தில். கரண்ட் இல்லை. இன்றுதான் பால் வந்தது." புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் அதற்கு முன்னால் உள்ள கட்டங்களில் இருக்கின்றன. மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு வெள்ளம் நின்ற வாரம் அது. அந்த நாவலின் கதை இன்று எனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த வரியைப் பார்த்ததும் படிக்கட்டுச் சிமெண்டின் குளிர்ச்சியும், கீழே தண்ணீர் சுவரில் மோதிய சத்தமும், எதிர்வீட்டு அக்கா நீட்டிய பிஸ்கட் பாக்கெட்டும், நாவலில் வருகிற பாழுங்கிணறும் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

ஒரு வருடத்தில் வாசித்த புத்தகங்களைக் குறித்துவைக்க வேண்டும் என்ற ஆசை நிறையப் பேருக்கு ஜனவரியில் வருகிறது. சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கிற நாட்கள், கையில் இரண்டு பை புத்தகம், மனதில் பெரிய திட்டம். பிப்ரவரி கடைசியில் நோட்டு அலமாரிக்குள் போய்விடும். நோட்டை ஆரம்பிக்கும்போதே கணக்கு நோட்டாக ஆரம்பித்துவிடுவதுதான் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். இத்தனை புத்தகம், இத்தனை பக்கம், இலக்கு ஐம்பது என்று போட்டுவிட்டால், ஒரு மாதம் பின்தங்கியதுமே அந்த நோட்டைத் திறக்க மனசு வராது. எங்கே, எப்போது, எந்த நிலையில் வாசித்தோம், என்ன தங்கியது என்று எழுதுகிற நோட்டில் பின்தங்குவது என்ற பேச்சே இல்லை. வருடத்துக்கு ஆறு புத்தகம் வாசிப்பவருக்கும் அது முழு நோட்டுதான். புதிதாக ஆரம்பிப்பவர்கள் அதை எப்படி அமைத்துக்கொள்ளலாம் என்று என் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எதில் எழுதுவது

லாங் சைஸ் ரூல்டு நோட்டு வாங்குங்கள். அதுவே போதும். இரண்டு பக்கத்தையும் விரித்தால் ஒரு புத்தகத்தின் எல்லாக் கட்டமும் ஒரே வரிசையில் அடங்கிவிடும். 192 பக்க நோட்டு, வருடத்துக்கு முப்பது நாற்பது புத்தகம் வாசிப்பவருக்குப் பல வருடம் வரும். சின்ன பாக்கெட் நோட்டு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் ஒரு முழு வாக்கியம் எழுத இடம் போதாது, அதனால் குறிப்பு குறுகிக்கொண்டே போய்க் கடைசியில் பெயர் மட்டும் மிஞ்சும்.

வருடப் பிறப்புக்கு ஜவுளிக்கடையிலும் இன்சூரன்ஸ் ஏஜெண்டும் கொடுக்கிற டைரியில் எழுதலாமா என்று கேட்பார்கள். டைரியில் நாளுக்கு ஒரு பக்கம் அச்சடித்திருக்கும். நாம் ஒரே வாரத்தில் மூன்று புத்தகம் முடிப்போம், அடுத்த ஐந்து வாரம் ஒன்றும் முடிக்க மாட்டோம். அந்த வெற்றுப் பக்கங்கள் நம்மைக் குற்றம் சொல்வதுபோல் இருக்கும். டைரிதான் கையில் இருக்கிறது என்றால் அச்சடித்த தேதியைக் கண்டுகொள்ளாமல் முதல் பக்கத்திலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள்.

பால்பாயிண்ட் பேனாவில் எழுதுங்கள். 2015 வெள்ளத்தில் கீழ்த்தட்டில் இருந்த என் நோட்டுகள் நனைந்தன. ஜெல் பேனாவில் எழுதிய 2013-ஆம் வருடம் நீலக் கறையாகக் கரைந்துபோயிற்று, நாற்பது வரியில் ஒன்பதைத்தான் படிக்க முடிந்தது. பால்பாயிண்டில் எழுதிய 2012, தாள் சுருங்கிப்போனாலும் எழுத்து அப்படியே நிற்கிறது. நோட்டை மேல்தட்டில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பக்கங்களைப் போனில் படம் எடுத்து உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ளுங்கள்.

போனிலோ கம்ப்யூட்டரிலோ எழுதுவதுதான் வசதி என்பவர்களுக்கு கூகுள் ஷீட்ஸ் போன்ற அட்டவணைச் செயலி நல்ல வழி. தேட முடியும், வருடக் கடைசியில் எண்ணவும் எளிது. மூன்று விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். முதலாவது, எந்தக் கணினியிலும் போனிலும் எழுத்து ஒரே மாதிரி தெரிகிற பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். 2006 முதல் 2008 வரை நான் வைத்திருந்த பட்டியல் அப்போது ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மாற்றிக்கொள்ளக் கருவிகள் உண்டு, ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. இன்றைய போன் விசைப்பலகைகள் யூனிகோடில்தான் எழுதுகின்றன, சிக்கல் பழைய கோப்பை நகலெடுத்து ஒட்டும்போதுதான் வரும். இரண்டாவது, தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் 2024-04-03 என்று போடுங்கள். 03/04 என்று போட்டால் அது ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா என்று செயலியும் குழம்பும், இரண்டு வருடம் கழித்து நீங்களும் குழம்புவீர்கள். மூன்றாவது, முன்னெழுத்துக்குப் பிறகு இடைவெளி விடுவதா வேண்டாமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ஒரு வரியில் "தி.ஜானகிராமன்" என்றும் இன்னொரு வரியில் "தி. ஜானகிராமன்" என்றும் அடித்திருந்தால், தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது.

வாசித்த புத்தகங்களைப் பதிந்துவைக்கிற குட்ரீட்ஸ் என்ற இணையத் தளத்தில் கணக்கு வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம். ஒரே தமிழ்ப் புத்தகம் தமிழ் எழுத்தில் ஒரு முறையும் ஆங்கில எழுத்தில் இன்னொரு முறையும் அங்கே பதிவாகியிருப்பதைப் பார்க்கலாம், சில புத்தகங்கள் இருக்கவே இருக்காது. அங்கே எழுதுவதாக இருந்தால் வருடத்துக்கு ஒரு முறையாவது உங்கள் பட்டியலைக் கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு வசதி கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், முதல் வருடம் காகிதமே நல்லது. போனைத் திறந்தால் குறிப்பு எழுதுவதற்குள் வேறு நான்கு விஷயம் இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் பக்கம்: எது கணக்கில் வரும்

முதல் பக்கத்தில் புத்தகப் பெயர் எதையும் எழுத வேண்டாம். உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்கிற விதிகளுக்கு அந்தப் பக்கத்தை ஒதுக்குங்கள். ஐந்தாறு வரி போதும். இது இல்லாவிட்டால் மார்ச் மாதம் ஒரு சந்தேகம் வரும், அன்று ஒரு விதமாகவும் ஆகஸ்டில் வேறு விதமாகவும் முடிவெடுப்பீர்கள்.

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். ஐந்து பாகம், மொத்தம் 293 அத்தியாயம். இதை ஒரு புத்தகம் என்று எழுதுவதா, ஐந்து என்று எழுதுவதா? நான் ஐந்து வரியாகத்தான் எழுதுவேன். முதல் பாகமான புது வெள்ளம் ஒரு மாதத்தில் வாசித்தது, கடைசிப் பாகமான தியாக சிகரம் அதற்கு நான்கு மாதம் கழித்து வாசித்தது. ஒரே வரியில் போட்டால் நடுவில் இருந்த மூன்று மாதத் தயக்கம் காணாமல் போய்விடும். ஓரத்தில் ஐந்து வரியையும் ஒரு அடைப்புக் கோட்டால் சேர்த்துவிட்டால் ஒரே படைப்பு என்பதும் தெரியும். நீங்கள் ஒன்று என்றே எழுதலாம், ஆனால் எதுவானாலும் முதல் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

திருக்குறளை யாரும் ஒரே மூச்சில் முடிப்பதில்லை. 133 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்துக் குறள். காலையில் ஒரு அதிகாரம் என்று வைத்தால் நாலரை மாதம் ஆகும். இந்த மாதிரிப் புத்தகங்களுக்கு நோட்டில் தனியாக ஒரு பக்கம் விட்டு, 1 முதல் 133 வரை எண் போட்டு, வாசித்ததைச் சுழித்துக்கொண்டே வாருங்கள். எல்லாம் சுழித்த பிறகு பெரிய பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். கவிதைத் தொகுதிகளுக்கும் முழுத் தொகுப்பாக வருகிற சிறுகதைகளுக்கும் இதே வழி பொருந்தும். எண்ணூறு பக்கச் சிறுகதைத் தொகுப்பை முடித்தால்தான் வரி என்று வைத்திருந்தால் அதில் வாசித்த இருபது அருமையான கதைகள் எங்கேயும் பதிவாகாது.

மறுவாசிப்பு கணக்கில் உண்டு. பெயருக்குப் பக்கத்தில் "ம" என்று போட்டுவிடுங்கள். 2020-ஆம் வருட நோட்டில் மார்ச் 24-க்குப் பிறகு தொடர்ந்து பதினொரு வரி எனக்கு "ம" தான். கிளை நூலகம் மூடியிருந்தது, கடைகள் மூடியிருந்தன, வீட்டில் இருந்ததையே திரும்ப எடுத்தேன். ஊரடங்கு அந்தப் பக்கத்தில் வேறு எந்த விளக்கமும் இல்லாமல் தெரிகிறது. ஒலிப்புத்தகம், குழந்தைக்கு வாசித்துக்காட்டிய படக்கதை, சிற்றிதழின் சிறப்பிதழ் எல்லாம் உங்கள் விருப்பம். சமையல் குறிப்புப் புத்தகத்தையும் அகராதியையும் நான் சேர்ப்பதில்லை, அவற்றை யாரும் முடிப்பதில்லை என்பதால்.

வருடம் ஜனவரியில்தான் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. இதை ஜூனில் படிக்கிறீர்களா, ஜூனிலிருந்து அடுத்த மே வரை உங்கள் வருடம். சித்திரையிலிருந்து பங்குனி வரை வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். கடந்துபோன மாதங்களை இழுத்துப் பிடித்து நிரப்ப வேண்டாம். உறுதியாக ஞாபகம் இருப்பவை ஐந்தாறு இருந்தால், "நினைவிலிருந்து" என்று தலைப்பிட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியில்லாமல் எழுதிவையுங்கள்.

கட்டங்கள்

இடது பக்கத்தில் புத்தகத்தைப் பற்றியது: வரிசை எண், பெயர், எழுதியவர், மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியும் மொழிபெயர்த்தவர் பெயரும், பதிப்பகமும் பதிப்பு வருடமும். வலது பக்கத்தில் உங்களைப் பற்றியது: எப்படிக் கிடைத்தது, ஆரம்பித்த தேதி, முடித்த தேதி, வாசித்த இடம், ஒரு வாக்கியம். முடிந்தது. பக்க எண்ணிக்கை, விலை, நட்சத்திரம் எதுவும் முதல் வருடத்துக்கு வேண்டாம். கட்டம் கூடக்கூட எழுதுவது பாரமாகிவிடும்.

மொழிபெயர்த்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். வங்காளத்திலிருந்தோ ரஷ்யனிலிருந்தோ வந்த ஒரு நாவல் உங்களைப் பிடித்து உலுக்கியது என்றால், அதில் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் அவர் தேர்ந்தெடுத்தது. ஒரே நாவலுக்கு இரண்டு மூன்று மொழிபெயர்ப்பு இருக்கும்போது நீங்கள் ரசித்தது எது என்று பின்னால் தேட அந்தப் பெயர் ஒன்றுதான் வழி. இன்னொரு லாபமும் உண்டு. ஒரு வருட நோட்டில் ஒரே மொழிபெயர்ப்பாளர் மூன்று முறை வந்திருப்பதைக் கண்டு, அவர் கைபட்ட மற்றவற்றையும் தேடி வாசித்தேன். எந்தப் பரிந்துரைப் பட்டியலும் எனக்கு அவ்வளவு நல்ல புத்தகங்களைக் காட்டியதில்லை.

பதிப்பகமும் வருடமும் ஏன் என்று தோன்றலாம். நாட்டுடைமை ஆன எழுத்தாளர்களின் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் போடலாம். கல்கி, புதுமைப்பித்தன் இவர்களின் ஒரே படைப்பு நாலைந்து பதிப்பகத்தில் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் பக்க எண் வேறு. "பக்கம் 212, அருமை" என்று எழுதிவைத்துவிட்டு வேறு பதிப்பை எடுத்துத் திருப்பினால் ஒன்றும் அகப்படாது. அதனால்தான் மேற்கோளுக்குப் பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் எழுதச் சொல்வேன். மின்புத்தகத்தில் எழுத்தின் அளவை மாற்றினால் திரையில் எங்கே எது வரும் என்பதே மாறிவிடும், அங்கேயும் அத்தியாயம்தான் கைகொடுக்கும். பதிப்பு விவரம் இருந்தால், அச்சில் இல்லாமல்போன புத்தகத்தை எழும்பூர் கன்னிமாரா பொது நூலகத்திலோ தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கேட்டுப் பார்க்கும்போது தேடுவது சுலபம். ஈழத்துப் புத்தகம் என்றால் நூலகம் என்ற இணையத் தளத்தில் தேடிப் பாருங்கள்.

புனைபெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் இருக்கிற பெயரையே எழுதுங்கள். கல்கி என்றால் கல்கி, ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடிப் பிடித்து எழுத வேண்டாம். இயற்பெயர் தெரிந்தால் பின்பக்கத்தில் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

"எப்படிக் கிடைத்தது" என்ற கட்டம் சின்னதுதான், ஆனால் அதைப் பிறகு நீங்கள் மிகவும் விரும்புவீர்கள். "ஈரோடு புத்தகத் திருவிழா, மழை", "சித்தப்பா அலமாரி", "கிளை நூலகம்", "மதுரைத் திட்டம், இறக்கியது" (தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிற திட்டம் அது) என்று நாலு சொல் போதும். நூலகப் புத்தகத்தின் உள்ளே தேதி முத்திரை குத்துகிற தாள் ஒட்டியிருக்குமே, அதையும் ஒரு பார்வை பாருங்கள். ஊதா மையில் கடைசி முத்திரை 1998 என்று இருந்த ஒரு நாவலை நான் 2011-இல் எடுத்தேன். பதிமூன்று வருடம் யாரும் தொடாத புத்தகம். அந்தத் தகவலை நோட்டில் எழுதியபோது, அதை மெதுவாக வாசிக்க வேண்டும் என்று தோன்றியது.

வாசித்துக்கொண்டிருக்கும்போது

புத்தகத்தைத் திறந்த அன்றே பெயரையும் ஆரம்பத் தேதியையும் பென்சிலில் எழுதிவிடுங்கள். முடிக்கும்போது அதன்மேலேயே பேனாவில் எழுதிக்கொள்ளலாம். நான்கு புத்தகம் ஒரே நேரத்தில் ஓடினாலும் நான்கு பென்சில் வரி இருக்கும், ஒன்றும் தப்பாது.

பிறகு, ஒரு வெள்ளைத் தாளை நீளவாக்கில் நான்காக மடித்துக் கிழித்து ஒரு துண்டைப் புத்தகத்துக்குள் வையுங்கள். அதுதான் பக்க அடையாளம், அதுதான் குறிப்புத்தாள். தாம்பரத்திலிருந்து பீச் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினில் நின்றுகொண்டு வாசிக்கும்போது நோட்டைத் திறக்க முடியாது. ஆனால் துண்டுத் தாளில் "87, கிணறு" என்று கிறுக்க முடியும். நூலகப் புத்தகத்திலும் இரவல் புத்தகத்திலும் கோடு போடாமல் இருக்கவும் இது உதவும். முடித்த அன்று அந்தத் துண்டைப் பார்த்துத்தான் வாக்கியம் எழுதுவீர்கள். எழுதியபின் துண்டை நோட்டிலேயே ஒட்டுகிறவர்களும் உண்டு.

முடித்த அன்று ராத்திரி

இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். கடைசிப் பக்கம் முடிந்த அன்றே எழுதிவிட வேண்டும். மறுநாள் என்றால் பாதி போய்விடும், ஒரு வாரம் என்றால் பின்னட்டையில் இருப்பதைத்தான் எழுதுவீர்கள்.

சீர்காழியில் 1892-இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தை நடத்திய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. வாசிப்பு நோட்டுக்கும் அதை வைத்துக்கொள்கிறேன். எழுத ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. அதற்கு மேல் எழுத வருகிறது என்றால் சந்தோஷம், வேறு நோட்டில் கட்டுரையாகவே எழுதுங்கள். இந்த நோட்டில் ஒரு வாக்கியம், அதிகம் போனால் மூன்று.

அந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும்? என் முதல் வருட நோட்டில் "விறுவிறுப்பான நாவல்", "அவசியம் வாசிக்க வேண்டியது", "சிந்திக்க வைக்கிறது" என்றுதான் வரிசையாக இருக்கிறது. பெயரை மறைத்துவிட்டால் எது எந்தப் புத்தகம் என்று சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தை எழுதிய பிறகு இதைச் சோதித்துப் பாருங்கள்: இதே வாக்கியம் வேறு ஒரு புத்தகத்துக்கும் பொருந்துமா? பொருந்தினால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

புது வெள்ளத்துக்கு "சோழர் காலத்தைக் கண்முன் நிறுத்துகிறது" என்று எழுதலாம். பல சரித்திர நாவல்களுக்கு அது பொருந்தும். என் நோட்டில் இருப்பது இது: "ஆடிப்பெருக்கு அன்று ஏரிக்கரையில் குதிரையை விட்டுக்கொண்டு வருகிறான் வந்தியத்தேவன், வழியெல்லாம் ஜனங்கள் கூட்டாஞ்சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கதை தொடங்கும் முன்பே எனக்குப் பசித்தது. வீராணம் போய்ப் பார்க்க வேண்டும்." இலக்கிய விமர்சனம் என்று யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த ஏரிக்கரையையும், அதை வாசித்த ஆடி மாதத்து மத்தியானத்தையும் எனக்குத் திருப்பிக் கொடுக்கிறது.

கதை அல்லாத புத்தகத்துக்கும் இதே வழிதான். சிறுதானியங்களைப் பற்றிய ஒரு புத்தகத்துக்கு "பயனுள்ள தகவல்கள்" என்று எழுதுவதில் என்ன இருக்கிறது? "வரகை உரலில் போட்டு உமி நீக்குகிற வேலை எவ்வளவு பெரியது என்று இன்றுதான் தெரிந்தது. அம்மாச்சி வரகு சோறு என்றாலே பெருமூச்சு விடுவாள், காரணம் இதுதானா" என்று எழுதினால் புத்தகமும் இருக்கிறது, அம்மாச்சியும் இருக்கிறாள்.

பேனாவை எடுத்தும் ஒன்றும் வரவில்லை என்றால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கண்ணை மூடினால் எந்தக் காட்சி வருகிறது? எந்த இடத்தில் சலித்தது? இதை யாரிடம் சொல்லத் தோன்றியது? ஏதாவது ஒன்றுக்குப் பதில் கிடைத்தால் போதும். சலித்த இடத்தை எழுதத் தயங்க வேண்டாம். பெரிய எழுத்தாளர் என்பதற்காகப் பிடித்ததாக எழுதினால் அந்த வரி பொய், வேறு யாரும் பார்க்காத நோட்டில் பொய் எழுதுவதில் ஒரு பயனும் இல்லை.

நட்சத்திரத்துக்குப் பதிலாக நான் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம் போடுகிறேன், இந்தப் புத்தகத்தை மறுபடி வாசிப்பேன் என்று தோன்றினால் மட்டும். மூன்றரையா நான்கா என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

"வாசித்த இடம்" என்பதில் ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் பாதிதான் கிடைக்கும். "5.40 லோக்கல்", "ஆஸ்பத்திரி வராண்டா, அப்பாவுக்கு டிரிப் ஏறுகிறது", "பாப்பா தூங்கிய பிறகு, சமையலறை" என்று எழுதுங்கள்.

பாதியில் விட்டவை

பாதியில் விட்ட புத்தகத்துக்கும் ஒரு வரி கொடுங்கள். முடித்த தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் "பக்கம் 140-இல் நிறுத்தினேன்" என்று எழுதி, ஏன் என்று ஒரு வாக்கியம். இதை நான் ஆரம்பத்தில் செய்யவில்லை. செய்யத் தொடங்கிய பிறகுதான் என் வாசிப்பைப் பற்றி உண்மையாக ஏதாவது தெரிய வந்தது. மூன்று வருடத்தில் விட்ட பதினேழு புத்தகத்தில் ஒன்பது, யாரோ பெரிதாகச் சொன்னார்கள் என்று உடனே வாங்கி, உடனே ஆரம்பித்தவை. அவற்றில் நான்கை இரண்டு வருடம் கழித்து எடுத்தபோது ஒரே வாரத்தில் முடித்தேன். புத்தகத்தில் குறை இல்லை, எடுத்த நேரம்தான் சரியில்லை. இப்போதெல்லாம் பரிந்துரை கேட்டால் பெயரை நோட்டின் கடைசியில் எழுதி, ஆறு மாதம் காத்திருக்கிறேன்.

நடுவில் நின்றுபோனால்

நின்றுபோகும். வீட்டில் கல்யாணம், பரீட்சை, உடம்பு சரியில்லை, ஏதாவது வரும். இரண்டு மாதம் எழுதவில்லை என்றால் ஒரு கோடு போட்டு "செப்டம்பர், அக்டோபர்: அக்கா கல்யாண வேலை" என்று மட்டும் எழுதி அடுத்த வரியில் இன்றைய புத்தகத்தைத் தொடங்குங்கள். வாசித்தும் எழுதாமல் விட்டவை இருந்தால் பெயரை மட்டும் போடுங்கள், வாக்கியத்தை இட்டுக்கட்ட வேண்டாம்.

இரவல் பக்கம்

நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து இரவல் கணக்கைத் தொடங்குங்கள். யாரிடம், எந்தப் புத்தகம், எந்தத் தேதி. நீங்கள் வாங்கி வந்த இரவலும் இதே பக்கத்தில் வேறு நிற மையில் இருக்கட்டும். கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: "போன ஆனி மாசம் நீங்க எடுத்துட்டுப் போனீங்களே, எப்படி இருந்துச்சு?" என்று புத்தகத்தைப் பற்றிக் கேளுங்கள். தேதியோடு கேட்டால் ஞாபகம் வந்துவிடும், பெரும்பாலும் மறுவாரம் புத்தகமும் வந்துவிடும்.

டிசம்பரில்

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒதுக்கி, டீயோடு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசியுங்கள். அன்று சேர்க்கவோ திருத்தவோ வேண்டாம், வாசித்தால் போதும். பிறகு பென்சிலை எடுத்து ஒன்றிரண்டு விஷயங்களை எண்ணுங்கள். எத்தனை மொழிபெயர்ப்பு, எத்தனை பெண்கள் எழுதியவை, நூலகத்திலிருந்து எத்தனை, வட்டம் போட்டவை எத்தனை. 2017-இல் நான் வாசித்த 34 புத்தகத்தில் பெண்கள் எழுதியது நான்குதான். யாரும் சொல்லித் தெரியவில்லை, எண்ணியபோது தெரிந்தது. அடுத்த வருடப் பட்டியல் அதனால் மாறியது.

இந்த வருடம் காசு கொடுத்து வாங்கி இன்னும் திறக்காதவற்றையும் அலமாரியைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போகும்போது அந்தத் தாள் சட்டைப்பையில் இருக்கட்டும். பத்து சதவீதத் தள்ளுபடி என்று கை நீளும்போது எடுத்துப் பார்க்கலாம். நல்ல புத்தகத்தை வாங்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பதிப்பையே மறுபடி வாங்காமல் இருக்கவும், தொடரில் இரண்டாம் பாகம் இருக்கிறது, முதல் பாகம்தான் இல்லை என்பதைக் கவனிக்கவும் அது உதவும்.

வருடத்தின் கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு போடுங்கள். அப்போது கையில் ஏதோ ஒரு புத்தகம் பாதியில் இருக்கும். அந்தப் பென்சில் வரியை அழிக்காமல் "அடுத்த வருடத்துக்கு" என்று எழுதி, புதிய பக்கத்தைத் திருப்பி, வருடத்தை மேலே போட்டு, முதல் வரியில் அதே புத்தகத்தின் பெயரையும், ஆரம்பித்த பழைய தேதியையும், எத்தனையாவது பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.